பழைய இசைத்தட்டுகளைக் கேட்டே ப்ளூஸ் ஹார்மோனிகா கற்றுக்கொள்வது எப்படி?

ப்ளூஸ் ஹார்மோனிகா கற்க ஆசைப்படுகிறவர் எவரும் சீக்கிரமே லிட்டில் வால்டரின் 'ஜூக்' என்ற இசைத்தட்டிடம் வந்து சேர்வார். 1952 மே 12 அன்று சிகாகோவில் பதிவானது. பாட்டே கிடையாது, முழுக்க வாத்தியம்தான். அப்படியிருந்தும் அமெரிக்காவின் ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) இசைத்தட்டுப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. கேட்டவுடன் இதை வாசித்தே தீர வேண்டும் என்று தோன்றும். வாசிக்கலாம். ஆனால் அதையே முதல் பாடமாக எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் பாதியில் வாத்தியத்தை மேசை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். எந்த இசைத்தட்டை எப்போது எடுப்பது, அதிலிருந்து ஒரு சின்னத் துண்டைக் காதால் எப்படிப் பிடிப்பது, அதற்கு முன்னால் வாய்க்கும் மூச்சுக்கும் என்ன பழக்கம் வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

துளை எண்களை வரிசையாகப் போட்ட 'டேப்' தாள்கள் இணையத்தில் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்த்தால் எந்தத் துளை என்று தெரியும். அந்த ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, தாளத்துக்கு எவ்வளவு பின்தங்கி விழுகிறது, எந்த இடத்தில் வாசிப்பவர் சும்மா இருக்கிறார் என்பது தெரியாது. ப்ளூஸின் உயிர் இந்த மூன்றிலும்தான். அதனால் தாளைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாத்தியத்தின் பெரியவர்களும் காதால் கற்றவர்கள்தான். ஜான் லீ வில்லியம்சனின் இசைத்தட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர் லிட்டில் வால்டர். ஆர்கன்சா மாநிலத்து ஹெலினா ஊரில் 1941இல் தொடங்கிய 'கிங் பிஸ்கட் டைம்' வானொலி நிகழ்ச்சியில் ரைஸ் மில்லர் வாசிப்பதைக் கேட்ட சிறுவன் ஜேம்ஸ் காட்டன், பிறகு அவரிடமே போய்ச் சேர்ந்து கற்றார்.

எதை வாங்குவது

உங்களுக்கு வேண்டியது பத்துத் துளை டயடானிக் ஹார்மோனிகா, சி கீ (சியை ஆதார ஸ்வரமாகக் கொண்டது). நம் ஊர்க் கடைகளில் மவுத் ஆர்கன் என்று கேட்டால் பல இடங்களில் இரண்டு வரிசையாகத் துளைகள் உள்ள நீளமான ட்ரெமலோ வகையை எடுத்துக் காட்டுவார்கள். சினிமாப் பாட்டு வாசிக்க அது இனிமையாக இருக்கும்; ப்ளூஸுக்கு உதவாது. காரணம் அதன் அமைப்பு. டயடானிக்கில் ஒரே துளைக்குள் ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் சேர்ந்து இருக்கின்றன (ரீடு என்பது காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் மெல்லிய உலோகத் தகடு). அந்த இரண்டும் சேர்ந்து இயங்குவதால்தான் ஸ்வரத்தை வளைத்து இறக்க முடிகிறது. ட்ரெமலோவில் அவை தனித்தனி அறைகளில் இருக்கின்றன. பக்கத்தில் அழுத்தும் பொத்தான் உள்ள குரோமாடிக்கும் இப்போது வேண்டாம்.

பழைய சிகாகோ கலைஞர்கள் பெரும்பாலும் வாசித்தது ஜெர்மனியின் ட்ரோசிங்கன் ஊரில் செய்யப்பட்ட ஹோனர் மரைன் பேண்ட். 1896 முதல் இன்றுவரை விற்பனையில் இருக்கிறது. அதன் உட்பகுதி மரம். புதியவர்களுக்கு நான் சொல்வது, பிளாஸ்டிக் உட்பகுதி கொண்ட ஹோனர் ஸ்பெஷல் 20, அல்லது அதே தரத்தில் சுசுகி. மிக மலிவான ஹார்மோனிகாக்களில் காற்று கசியும். கசிகிற வாத்தியத்தில் பெண்ட் (ஸ்வரத்தை வளைத்து இறக்குவது) வராது, வராததற்கு நீங்கள் உங்களையே குறை சொல்லிக்கொள்வீர்கள். ஒன்றே ஒன்று வாங்கினாலும் நல்லதாக வாங்குங்கள். இரண்டாவது வாங்கும்போது ஏ கீ, மூன்றாவது டி கீ. ஏன் இந்தக் கீகள் என்பது கீழே வரும்.

துளைகளை ஸ்வரமாகப் பார்ப்பது

சி ஹார்மோனிகாவில் எந்தத் துளையில் ஊதினாலும் சி, ஈ, ஜி ஆகிய மூன்றில் ஒன்றுதான் வரும். மூச்சை உள்ளே இழுத்தால் முதல் துளையிலிருந்து வரிசையாக டி, ஜி, பி, டி, எஃப், ஏ, பி, டி, எஃப், ஏ. முதல் நான்கு துளைகளைச் சேர்த்து இழுத்துப் பாருங்கள்: ஜி மேஜர் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) முழுதாகக் கேட்கும். ப்ளூஸ்காரர்கள் பிடித்துக்கொண்டது இதைத்தான். சி ஹார்மோனிகாவை சியில் வாசிக்காமல் ஜியில் வாசித்தால், பாட்டின் முக்கியமான ஸ்வரங்கள் இழுக்கும் பக்கம் வந்து விழுகின்றன. கீழ்த்துளைகளில் வளைத்து இறக்கக்கூடியவை இழுக்கும் ஸ்வரங்கள்தான். இதை 'கிராஸ் ஹார்ப்' அல்லது 'செகண்ட் பொசிஷன்' என்பார்கள். ப்ளூஸ் இசைத்தட்டுகளில் மிகப் பெரும்பகுதி இப்படி வாசிக்கப்பட்டதுதான்.

கர்நாடக ஸ்வரம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் சுலபம். 2 இழுப்பதை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். 3 இழுத்தால் அந்தர காந்தாரம். அதையே அரை ஸ்வரம் வளைத்தால் சாதாரண காந்தாரம். 4 ஊதினால் சுத்த மத்யமம். 4 இழுத்து வளைத்தால் பிரதி மத்யமம், வளைக்காமல் இழுத்தால் பஞ்சமம். 5 இழுத்தால் கைசிகி நிஷாதம். 6 ஊதினால் மேல் ஷட்ஜம். ப்ளூஸ் ஸ்கேல் என்று புத்தகங்களில் வருவது இதுதான்: ச, சாதாரண க, சுத்த ம, பிரதி ம, ப, கைசிகி நி, ச. ஷட்ஜத்துக்குக் கீழே போக வேண்டுமானால் 2 ஊதுவது சதுஸ்ருதி தைவதம், 1 இழுப்பது மந்தர பஞ்சமம். 3 ஊதினாலும் அதே ஷட்ஜம் வரும். மூச்சை வெளியே விட வேண்டிய நேரத்தில் அது கைகொடுக்கும்.

ஒரு இசைத்தட்டுக்கு எந்தக் கீ ஹார்மோனிகா வேண்டும் என்று கண்டுபிடிக்கவும் இதே கணக்கு போதும். பாட்டின் ஷட்ஜம் எது என்று பாருங்கள். அதிலிருந்து சுத்த மத்யமம் எதுவோ, அந்தக் கீ. ஜியில் இருக்கும் பாட்டுக்கு சி, ஈயில் இருந்தால் ஏ, ஏயில் இருந்தால் டி. 'ஜூக்' ஈயில் இருக்கிறது, ஆகவே ஏ ஹார்மோனிகா. சிகாகோ ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸின் 'ஹூச்சி கூச்சி மேன்' ஏயில் இருக்கிறது, ஆகவே டி.

முதலில் ரயில்

தனி ஸ்வரம் தேடுவதற்கு முன்னால் கார்டிலேயே தாளம் வாசியுங்கள். வாத்தியத்தை வாய்க்குள் நன்றாக உள்ளே வையுங்கள், உதட்டின் ஈரமான பகுதி மரத்தையோ உலோகத்தையோ தொட வேண்டும். 1, 2, 3 துளைகளைச் சேர்த்து இரண்டு முறை இழுங்கள், இரண்டு முறை ஊதுங்கள். இழு-இழு, ஊது-ஊது. மெதுவாகத் தொடங்கி, மூச்சு முட்டாமல் எவ்வளவு நேரம் ஓட்ட முடிகிறது என்று பாருங்கள். கன்னத்தால் உறிஞ்சக் கூடாது. வயிறு அசைய வேண்டும். நாக்கால் 'தக்க, தக்க' என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டே வாசித்தால் தாளம் துண்டு துண்டாக விழும்.

இதுதான் ரயில் வாசிப்பு. இதற்கான இசைத்தட்டு, டிஃபோர்ட் பெய்லி 1927இல் பதிவு செய்த 'பான் அமெரிக்கன் ப்ளூஸ்'. பான் அமெரிக்கன் என்பது அந்தக் காலத்து லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வேயின் விரைவு வண்டி. நாஷ்வில் வானொலியின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' நிகழ்ச்சியில் பெய்லி நட்சத்திரமாக இருந்தார். அங்கே ஒலித்த முதல் கருப்பின நட்சத்திரம் அவர்தான். வண்டி கிளம்புவது, வேகம் எடுப்பது, ஊதல் எல்லாம் ஒரே ஆளின் மூச்சில். அவர் வேகத்தை இப்போது பிடிக்க முயல வேண்டாம். மூச்சு எங்கே உள்ளே போகிறது, எங்கே வெளியே வருகிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அடுத்து சோனி டெர்ரி. பார்வை இழந்தவர். 1938இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் வாசித்தவர், பிறகு கிதார் கலைஞர் பிரவுனி மெக்கீயோடு பல பத்தாண்டுகள் இணைந்து பாடினார். வாசிப்புக்கு நடுவே வாயை எடுத்து ஒரு கூவல் கூவி, தாளம் விடாமல் திரும்பி வருவார். அந்தக் கூவலை நீங்களும் செய்து பாருங்கள். வெட்கப்பட வேண்டாம், குரலும் வாத்தியமும் ஒரே மூச்சிலிருந்து வருகின்றன என்பதை உடம்பு புரிந்துகொள்ள இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது.

தனி ஸ்வரம்

இரண்டு வழி உண்டு. உதட்டைச் சற்றுக் குவித்து ஒரே துளைக்குக் காற்றை அனுப்புவது ஒன்று. நான்கு துளைகளை வாயால் மூடி, இடப்பக்கம் மூன்றை நாக்கால் அடைத்து, வலப்பக்க மூலையில் ஒன்றை மட்டும் ஒலிக்க விடுவது இன்னொன்று. இதற்கு 'டங் பிளாக்கிங்' என்று பெயர். சிகாகோவின் தடித்த ஒலி இந்த இரண்டாவது வழியில் வருகிறது. நாக்கைத் தூக்கிப் போட்டால் கார்டு ஒரு கணம் அறைந்துவிட்டு ஸ்வரம் தனியாக நிற்கும். லிட்டில் வால்டரிடமும் பிக் வால்டரிடமும் கேட்கும் 'சப்' என்ற அந்த அடி இதுதான். உதட்டுக் குவிப்பில் தொடங்குங்கள், அது சீக்கிரம் வரும். ஆனால் ஓரிரு மாதத்துக்குள் நாக்கு வழியையும் தொடங்கிவிடுங்கள். தள்ளிப்போட்டால் பழக்கம் இறுகிவிடும்.

2ஆம் துளையை இழுக்கும்போது சத்தமே வராமலோ, மூச்சுத் திணறலாக ஒரு முனகல் மட்டுமோ வரலாம். ரீடு போய்விட்டது என்று கடைக்குத் திருப்பி எடுத்துப் போகாதீர்கள். தொண்டையையும் தாடையையும் இறுக்கிக்கொண்டு உறிஞ்சுவதால் வருவது அது. கொட்டாவி விடுவதுபோல் உள்வாயைத் திறந்து, சும்மா மூச்சு விடும் அளவுக்கு மட்டும் மெதுவாக இழுங்கள். ஒலி தானாகத் திறக்கும்.

பெண்ட்

புதியவர்கள் மிக அதிகம் திண்டாடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

1 முதல் 6 வரையான துளைகளில் இழுக்கும் ஸ்வரம் ஊதும் ஸ்வரத்தைவிட உயரமானது. வாய்க்குள் இருக்கும் காற்றுவெளியின் அளவை நாக்கால் மாற்றினால், இழுக்கும் ரீடின் ஒலி கீழே இறங்கி, ஊதும் ரீடும் அதில் சேர்ந்துகொள்கிறது. எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு எல்லை உண்டு: ஊதும் ஸ்வரத்துக்கு ஏறக்குறைய அரை ஸ்வரம் மேலே வரைதான். 4ஆம் துளையில் டிக்கும் சிக்கும் நடுவே ஒரே ஒரு அரை ஸ்வரம் இருப்பதால் ஒரு பெண்ட் மட்டும். 2ஆம் துளையில் இரண்டு. 3ஆம் துளையில் பிக்கும் ஜிக்கும் இடையே இடம் அதிகம் என்பதால் மூன்று. 5ஆம் துளையில் எஃபும் ஈயும் ஒட்டி நிற்கின்றன, அங்கே முழு பெண்ட் கிடையாது. 8, 9, 10 துளைகளில் நிலைமை தலைகீழ்: அங்கே ஊதித்தான் வளைக்க வேண்டும்.

செய்முறை இது. வாத்தியத்தை ஓரமாக வைத்துவிட்டு, உயர்ந்த ஸ்வரத்திலிருந்து தாழ்ந்த ஸ்வரத்துக்கு விசிலடித்துப் பாருங்கள். முடிந்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே. ஸ்வரம் இறங்கும்போது நாக்கு பின்னால் நகர்வது தெரியும். இப்போது அதே நகர்வை 4ஆம் துளையை இழுத்துக்கொண்டு செய்யுங்கள். அழுத்தமாக உறிஞ்சுவதால் பெண்ட் வராது, ரீடுதான் சீக்கிரம் கெடும். காற்று அதே அளவு, நாக்கின் இடம் மட்டும் மாற்றம். 4 வந்த பிறகு 1, அப்புறம் 2, கடைசியாக 3. வாரக்கணக்கில் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று இறங்கும்.

இறங்கிய பிறகுதான் உண்மையான வேலை. கைப்பேசியில் இலவச ட்யூனர் செயலி ஒன்றைப் போட்டுக்கொண்டு, 3 இழுப்பதில் பி ஃபிளாட்டில் (பிக்கு அரை ஸ்வரம் கீழே, அதாவது சாதாரண காந்தாரத்தில்) நிற்கிறீர்களா என்று பாருங்கள். வளைத்த ஸ்வரத்திலேயே தொடங்கி, அதிலேயே நின்று, அதிலேயே முடிக்கப் பழக வேண்டும். அது கைவந்ததும் செயலியை மூடிவிடுங்கள். ஏனென்றால் ப்ளூஸ் பாடகர்கள் பாடும் காந்தாரம் பல சமயம் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவில் அசைந்துகொண்டிருக்கும். அதை எந்த முள்ளும் காட்டித் தராது. ஒரு ஸ்வரம் ஒரே புள்ளியில் நிற்க வேண்டியதில்லை என்பது கமகம் கேட்டு வளர்ந்த காதுக்குப் புதிதல்ல. நம் வாசகர்களுக்கு இது பெரிய அனுகூலம்.

பன்னிரண்டு பார்

ப்ளூஸ் பாட்டுகளில் பெரும்பாலானவை பன்னிரண்டு பார் சுற்று. பாருக்கு நான்கு அடி. ஜியில் வாசிப்பதாக வைத்துக்கொண்டால், முதல் நான்கு பார் ஜி, அடுத்த இரண்டு சி, மறுபடி இரண்டு ஜி, ஒன்பதாவது டி, பத்தாவது சி, பதினொன்றாவது ஜி, பன்னிரண்டாவதில் டிக்குப் போய்ச் சுற்று திரும்பும். ஹார்மோனிகாவில் ஜிக்கு 2 இழுங்கள், சிக்கு 1 அல்லது 4 ஊதுங்கள், டிக்கு 1 அல்லது 4 இழுங்கள். ஒரு ஸ்வரம் மட்டும், கால் தட்டிக்கொண்டு, ஏதாவது ஒரு மெதுவான இசைத்தட்டோடு சுற்றிச் சுற்றி வாசியுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் எங்கே இருக்கிறோம் என்று எண்ணாமலே தெரியும் வரை இதைச் செய்யாதவர்கள், பிறகு எத்தனை அழகான துண்டுகளைக் கற்றாலும் அவற்றைத் தப்பான இடத்தில்தான் போடுகிறார்கள்.

ஷஃபிள் என்று சொல்லும் நடையைப் பிடிக்க, ஒவ்வொரு அடியையும் திஸ்ரமாகப் பிரியுங்கள். 'தகிட' என்று சொல்லி நடுவில் வரும் 'கி'யை விழுங்கிவிடுங்கள். மிஞ்சுவது ஷஃபிள்.

எந்த இசைத்தட்டு, எந்த வரிசையில்

முதல் துண்டு 'ஹூச்சி கூச்சி மேன்'. வில்லி டிக்ஸன் எழுதி, மடி வாட்டர்ஸ் 1954 ஜனவரியில் பதிவு செய்தது. ஹார்மோனிகா லிட்டில் வால்டர். வாத்தியங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு குட்டி வரியை அடித்துவிட்டு நிறுத்தும். அந்த மௌனத்தில் மடி பாடுவார். மறுபடி அதே வரி. அந்த வரி முழுவதும் 2, 3, 4 துளைகளைச் சுற்றித்தான். அதைக் காதால் கண்டுபிடியுங்கள். சி ஹார்மோனிகாவிலேயே ஜி ஷட்ஜத்தில் தேடலாம், டி கீ வாங்கிய பிறகு இசைத்தட்டோடு சேர்ந்து வாசிக்கலாம். திரும்பத் திரும்ப வருவதால் தவறவிட்டாலும் அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம். வாசிப்பது பாதி, நிறுத்துவது பாதி என்பதையும் இந்தப் பாட்டு முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது, ஜான் லீ வில்லியம்சன். 1937இல் இல்லினாய் மாநிலத்து அரோராவில் 'குட் மார்னிங் ஸ்கூல் கேர்ள்' பதிவு செய்தார். அவருக்கு முன்னால் ஹார்மோனிகா பெரும்பாலும் ரயிலும் நரிவேட்டையும் காட்டும் தனி வித்தை. பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் பதில் சொல்லும் முன்னணி வாத்தியமாக அதைச் சிகாகோவில் நிலைநிறுத்தியவர் இவர்தான் என்பது என் கருத்து. அவர் பாடும் அடி எங்கே முடிகிறது, ஹார்மோனிகா எங்கே நுழைகிறது என்று கேளுங்கள். பிறகு அதே பாட்டை ஜூனியர் வெல்ஸ் 1965இல் 'ஹூடூ மேன் ப்ளூஸ்' தொகுப்பில் கிதார் கலைஞர் பட்டி கை (Buddy Guy) என்பவரோடு சேர்ந்து செய்ததைக் கேளுங்கள். ஒரே விதை இருபத்தெட்டு வருடத்தில் எப்படி முளைத்திருக்கிறது என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் விளங்கும். வில்லியம்சன் 1948இல் சிகாகோவில் தாக்கிக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 34.

தேடும்போது ஒரு குழப்பம் வரும். 'சோனி பாய் வில்லியம்சன்' என்ற பெயரில் இரண்டு பேர் உண்டு. மேலே சொன்னவர் ஒருவர். ரைஸ் மில்லர் அதே பெயரை எடுத்துக்கொண்டார். புளூபேர்ட் கம்பெனியின் பழைய பதிவுகள் என்றால் முதலாமவர். ட்ரம்பெட், செக்கர் கம்பெனிகளின் 1951 முதலான பதிவுகள் என்றால் ரைஸ் மில்லர்.

அந்த ரைஸ் மில்லர்தான் மூன்றாவது ஆசிரியர். இவரிடம் அதிக நாள் தங்குங்கள். 1955இன் 'டோன்ட் ஸ்டார்ட் மீ டாக்கின்', 1963இன் 'ஹெல்ப் மீ' இரண்டும் போதும். இவர் மிகக் கொஞ்சமாக வாசிக்கிறார். ஒரு அடி பாடுகிறார், இரண்டு மூன்று ஸ்வரத்தில் பதில் சொல்கிறார், காத்திருக்கிறார். கைகளை வாத்தியத்தின் பின்னால் குவித்துத் திறப்பதிலேயே 'வா-வா' என்று பேச வைக்கிறார். ஒலிபெருக்கி உதவி இல்லாமல் தொண்டையாலும் கையாலும் மட்டும் எவ்வளவு நிறம் கொடுக்கலாம் என்பதற்கு இவரைவிட நல்ல சான்று இல்லை. பல புதியவர்கள் இவரை எளிது என்று தாண்டிப் போய்விடுகிறார்கள். என் அனுபவத்தில், ப்ளூஸ் வாசிக்கிறார் என்று சொல்லத்தக்க ஒலி ஒருவருக்கு வருவது இவரைப் படித்த பிறகுதான்.

ஜிம்மி ரீட் கிதாரை வாசித்துக்கொண்டே, கழுத்தில் மாட்டிய கம்பிச் சட்டத்தில் ஹார்மோனிகா வைத்து வாசித்தவர். கேட்க எளிமையானவர், சந்தோஷமானவர். ஆனால் 'ஆனஸ்ட் ஐ டூ', 'பிரைட் லைட்ஸ், பிக் சிட்டி' போன்றவற்றில் அவர் பாட்டின் அதே கீ ஹார்மோனிகாவை எடுத்து, மேல்துளைகளில் ஊதி வளைக்கிறார். அதாவது கிராஸ் ஹார்ப் கணக்கு அங்கே பொருந்தாது. ஸ்வரங்கள் எங்கேயும் பிடிபடவில்லை என்றால் இதுதான் காரணம். மேல்துளை பெண்ட் வரும்வரை கேட்டு ரசியுங்கள்.

பிக் வால்டர் ஹார்ட்டனிடம் ஒலிக்காகப் போக வேண்டும். 1953இல் மெம்ஃபிஸின் சன் கம்பெனிக்காக, ஜிம்மி டிபெர்ரியின் கிதாரோடு வாசித்த 'ஈஸி'. மெதுவான மெட்டு, பெரிய ஒலி. முதல் சுற்றில் தணிவாகப் பாடுவதுபோல் தொடங்கி, போகப்போக அறையையே நிரப்புகிறார். அதன் பெயரை நம்ப வேண்டாம், சுலபமே அல்ல. முதல் நான்கு பாரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஸ்வரங்களை அல்ல, அந்த ஒலியின் தடிமனைப் பிடிக்கப் பாருங்கள். ஜிம்மி ராஜர்ஸின் 'வாக்கிங் பை மைசெல்ஃப்' பாட்டில் 1956இல் இவர் வாசித்த தனியாவர்த்தனம் ஒரே ஒரு சுற்றுதான். முழுதாகப் பாடமாக்குவதற்கு ஏற்ற நீளம்.

இதற்கெல்லாம் பிறகு லிட்டில் வால்டர். 'ப்ளூஸ் வித் எ ஃபீலிங்', அப்புறம் 'ஜூக்'. 'ஜூக்'கின் தொடக்கத்தில் திரும்பத் திரும்ப வரும் ஏறு வரி பெண்ட் இல்லாமலே கிடைத்துவிடும். 2இல் தொடங்கி 6 ஊதுவது வரை தேடுங்கள். கஷ்டம் ஸ்வரத்தில் இல்லை, நடையில். அவர் சாக்ஸபோன்காரர்களைக் கேட்டு அந்த மிதப்பை எடுத்துக்கொண்டவர். ஸ்னூக்கி பிரையரின் 1948 'பூகி'யை அதற்கு முன்னால் கேட்டால், அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதும், வால்டர் அதை எவ்வளவு தூரம் கொண்டுபோனார் என்பதும் புரியும்.

ஒரு துண்டைப் பிடிப்பது

ஒரு நேரத்தில் மூன்று நான்கு விநாடி போதும். முதலில் ஹார்மோனிகாவைத் தொடாமல் அந்தத் துண்டை மட்டும் திரும்பத் திரும்ப ஓட விடுங்கள். பிறகு பாடுங்கள். குரல் நன்றாக இருக்க வேண்டியதில்லை. ஏற்ற இறக்கமும் காலமும் சரியாக இருந்தால் போதும். பாட முடியாததை வாசிக்கப் போகாதீர்கள். இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பாதி தூரம் கடந்துவிடலாம்.

அடுத்து ஷட்ஜத்தைப் பிடியுங்கள். 2 இழுத்துக்கொண்டு பாட்டோடு ஒட்டுகிறதா என்று பாருங்கள். பழைய பதிவுகள் பலவற்றில் சுருதி இன்றைய அளவோடு சரியாகப் பொருந்தாது. கொஞ்சம் விலகி இருந்தால் ஆடாசிட்டி போன்ற இலவச மென்பொருளில் பாட்டின் சுருதியை நகர்த்திக்கொள்ளுங்கள். துண்டு எந்த ஸ்வரத்தில் முடிகிறது என்று கண்டுபிடியுங்கள். தொடக்கத்தைவிட முடிவு பிடிபடுவது சுலபம். முடிவிலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரே ஸ்வரம் ஊதியும் இழுத்தும் கிடைக்கும் இடத்தில் சந்தேகம் வந்தால், ஒலியின் தன்மையைக் கேளுங்கள்: வழுக்கி இறங்கினால் அது இழுத்தது.

யூடியூபில் வேகத்தை 0.75க்கோ 0.5க்கோ குறைத்தால் சுருதி மாறாமல் மெதுவாக ஓடும். ஸ்வரம் தேட அது வசதி. ஆனால் மெதுவாக ஓடும் பதிவோடு நெடுநாள் வாசித்துப் பழகாதீர்கள், நடை செத்துவிடும். ஸ்வரம் தெரிந்ததும் முழு வேகத்துக்கே திரும்பி, இசைத்தட்டோடு சேர்ந்து வாசியுங்கள். உங்கள் வாசிப்பு தனியாகக் கேட்காமல் அதற்குள் கலந்து மறைகிற வரை. பிறகு கைப்பேசியில் பதிவு செய்து இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பெரும்பாலும் தெரிய வருவது, நீங்கள் அவசரப்படுகிறீர்கள் என்பதுதான்.

கற்ற துண்டைப் பன்னிரண்டு பாரில் வேறு இடங்களிலும் வைத்துப் பாருங்கள். ஜி பாரில் கற்றது சி பாரில் எப்படி ஒலிக்கிறது? கடைசி ஸ்வரத்தை மட்டும் மாற்றினால் பொருந்துகிறதா? இப்படி விளையாட ஆரம்பித்தால்தான் அது உங்கள் துண்டு ஆகிறது. மாதம் இரண்டு மூன்று துண்டு இந்த மாதிரி சேர்ந்தாலே போதும்.

மைக்கும் ஆம்ப்ளிஃபையரும்

லிட்டில் வால்டரின் அந்த முழங்கும் ஒலி, மைக்கையும் ஹார்மோனிகாவையும் சேர்த்துக் கைக்குள் காற்றுப் புகாமல் பொத்திக்கொண்டு, வால்வு ஆம்ப்ளிஃபையரைக் கொஞ்சம் திணற விட்டதில் வந்தது. பின்னால் வந்தவர்கள் ஷூர் கிரீன் புல்லட், அஸ்டாடிக் ஜேடி-30 போன்ற உருண்டை மைக்குகளை விரும்பினார்கள். முதல் வருடம் இதில் பணம் போட வேண்டாம். மைக் உங்கள் ஒலியைப் பெரிதாக்கும். இல்லாத ஒலியை உண்டாக்காது. கையைக் குவித்து அறையின் மூலையைப் பார்த்து வாசித்தால், சுவரில் பட்டுத் திரும்பும் உங்கள் ஒலி உங்களுக்கே நன்றாகக் கேட்கும். அது போதும்.

பராமரிப்பு

வாசிப்பதற்கு முன்னால் வாய் கொப்பளியுங்கள். சாப்பாட்டுத் துணுக்கு ரீடில் சிக்கினால் அந்தத் துளை ஊமையாகிவிடும். முடித்ததும் துளைப்பக்கம் கீழே இருக்குமாறு உள்ளங்கையில் தட்டி ஈரத்தை வெளியேற்றி, சிறிது நேரம் திறந்த பெட்டியில் காய விட்டுப் பிறகு மூடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் உடனே மூடினால் உள்ளே துர்நாற்றம் பிடிக்கும். சில பழைய கலைஞர்கள் ஹார்மோனிகாவைத் தண்ணீரில் நனைத்து வாசித்தார்கள் என்று கேள்விப்பட்டு மரைன் பேண்டை ஊறப் போடாதீர்கள். மரம் உப்பி உதட்டைக் கிழிக்கும். எந்தத் துளையாவது நன்றாக வாசித்துக்கொண்டிருக்கும்போதே சுருதி இறங்கினால், பெரும்பாலும் அது 4 அல்லது 5 இழுப்பதாக இருக்கும், ரீடு களைத்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யப் பழகியவர்கள் உண்டு; தொடக்கத்தில் புதியது வாங்குவதே நல்லது. பழையதைத் தூக்கிப் போடாமல், மூடித் தகடுகளைக் கழற்றி உள்ளே ரீடுகள் எப்படி அசைகின்றன என்று பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.